சிறு தொண்டு நிறுவனங்கள் அறக்கட்டளை நிதி பெறுவது எப்படி: பட்ஜெட்டும் காகிதங்களும்

நிதி தரும் அறக்கட்டளைகளில் புரொபோசலை, அதாவது நிதி கேட்டு எழுதும் திட்ட விண்ணப்பத்தை, பரிசீலிக்கும் அலுவலர் பெரும்பாலும் முதலில் புரட்டுவது பட்ஜெட் பக்கத்தைத்தான். அங்கே தொகைகள் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஊரின் நிலவரத்தையும் உங்கள் அனுபவத்தையும் படிக்கிறார். உள்ளூர் அமைப்புகள் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பத்துப் பக்கம் உருக்கமாக எழுதிவிட்டு, கடைசி இரவில் பட்ஜெட்டைப் போடுகின்றன. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, ஆண்டுக்குச் சில லட்சங்களில் இயங்கும் அமைப்புகளுக்கானது.

காகிதங்கள்

கோப்பில் இருக்க வேண்டியவை: டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்றிதழும் விதிமுறைகளும், பான் அட்டை, 12ஏ பதிவு ஆணை (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு தருவது), 80ஜி ஆணை (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தருவது), தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பெற்ற எண், கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, அதே ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, நிர்வாகிகளின் பட்டியல். நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி கேட்பதானால் இவற்றோடு சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். நிர்வாகி ஒருவரின் டிஜிட்டல் கையொப்பமும் ஆடிட்டர் அல்லது கம்பெனி செயலாளரின் சான்றும் இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் நிதி தருபவர்களின் படிவங்களிலும் பேச்சிலும் 12ஏ, 80ஜி என்ற பழைய பெயர்களே புழங்குவதால் இங்கும் அவையே வருகின்றன.

அடிக்கடி வரும் சிக்கல் பெயர் பொருந்தாமைதான். பத்திரத்தில் ‘அறக்கட்டளை’, பானில் ‘டிரஸ்ட்’, வங்கிக் கணக்கில் எழுத்துகள் வேறு என்று இருந்தால் சரிபார்ப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். பான் திருத்தத்துக்கும் வங்கிப் பெயர் மாற்றத்துக்கும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், புரொபோசல் எழுதத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். அடுத்தது காலாவதி. 12ஏ, 80ஜி பதிவுகள் இப்போது நிரந்தரமானவை அல்ல. முடியும் தேதிக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். சங்கமாகப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக் கணக்கையும் நிர்வாகக் குழு மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் பல ஆண்டுகள் விட்டுவிடுவதும் உண்டு. பழைய செயலாளரின் பெயர் பதிவேட்டில் இருக்க, புதிய செயலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது.

யாரிடம் கேட்பது

கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டை சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே தேடலை உங்கள் மாவட்டத்து ஆலைகளிலிருந்து தொடங்குங்கள். ஆலையின் தாய் நிறுவனம் எது என்று பார்த்து, அதன் ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆர் இணைப்பைத் திறந்தால் எந்தத் துறைக்கு, எந்த மாவட்டத்தில், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தெரியும். மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்திலும் இந்த விவரம் கிடைக்கும். கண் சிகிச்சை முகாம்களுக்கு மட்டும் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஏரி தூர்வாரும் புரொபோசலை அனுப்புவதில் பயனில்லை.

சிஎஸ்ஆர் விதிகளின்படி, நிறுவனம் தானே தொடங்காத ஓர் அமைப்பின் வழியாகப் பணி செய்ய வேண்டுமானால் அந்த அமைப்புக்கு அதே போன்ற பணியில் மூன்றாண்டு அனுபவம் இருக்க வேண்டும். நேற்று தொடங்கிய டிரஸ்டுகள் முதலில் தனியார் அறக்கட்டளைகளையும் தனிநபர் நன்கொடையாளர்களையும் அணுகுவதே நல்லது. வெளிநாட்டு நிதிக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ, குறிப்பிட்ட நிதிக்கான முன் அனுமதியோ தேவை. எஃப்சிஆர்ஏ உள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றித் தருவதற்குத் தடை இருக்கிறது.

காலமும் முக்கியம். நிறுவனங்களின் ஆண்டுச் செயல்திட்டம் நிதியாண்டின் தொடக்கத்தை ஒட்டி முடிவாகும். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் உங்கள் குறிப்பு அவர்கள் கையில் இருப்பது நல்லது. மார்ச்சில் ‘உடனே செலவழிக்க வேண்டும், ஏதாவது இருக்கிறதா’ என்று அழைப்பு வருவதும் உண்டு. கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மேசை நாற்காலி போன்ற ஒரு முறைச் செலவுகளுக்கு மட்டும் அந்தப் பணத்தை வாங்குங்கள். சம்பளம் தேவைப்படும் திட்டத்தை அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

பட்ஜெட்

ஐந்து கிராமங்களில், மையத்துக்கு 25 பேர் வீதம் 125 குழந்தைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம்.

ஆசிரியர் மதிப்பூதியம்: 5 பேர் × ரூ.6,000 × 11 மாதம் = 3,30,000
ஒருங்கிணைப்பாளர்: ரூ.18,000 × 12 = 2,16,000
அவரது பயணம்: ரூ.2,500 × 12 = 30,000
புத்தகம், எழுதுபொருள்: 125 × ரூ.600 = 75,000
பயிற்சி: 6 பேர் × 4 நாள் × ரூ.400 = 9,600
மின்சாரம்: 5 மையம் × ரூ.300 × 11 = 16,500
தொடக்க, முடிவுத் தேர்வு: 125 × 2 × ரூ.20 = 5,000
பகுதிநேரக் கணக்கர்: ரூ.4,000 × 12 = 48,000
தணிக்கை: 15,000
அலுவலக வாடகையில் கால் பங்கு: ரூ.1,500 × 12 = 18,000

மொத்தம் ரூ.7,63,100. குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் ரூ.6,105. கடைசி மூன்று வரிகளின் கூட்டுத்தொகை ரூ.81,000, அதாவது மொத்தத்தில் 10.6 விழுக்காடு. தணிக்கை நீங்கலாக எல்லா வரிகளிலும் எண்ணிக்கை, விலை, காலம் என்று தொகை வந்த கணக்கு இருப்பதைக் கவனியுங்கள். ‘இதர செலவு ரூ.50,000’ என்று ஒரு வரி இருந்தால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

அந்த 81,000 ரூபாயைப் பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள், அல்லது பயணத் தலைப்பில் ஒளித்துவிடுகிறார்கள். இரண்டும் கெடுதல்தான். விட்டுவிட்டால் வவுச்சர் எழுத ஆளில்லாமல் ஆறாம் மாதத்தில் கணக்கு நின்றுபோகும். ஒளித்தால் தணிக்கையின்போது பயணத்துக்குச் சீட்டு காட்ட முடியாது. ‘நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறதே’ என்று நிறுவனத்தார் சொன்னால், அந்த வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். திட்டத்தை நேரடியாக நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அந்த வரையறைக்குள் வராது. அப்படியும் தங்கள் உள் கொள்கை இதுதான் என்பார்களானால், ஒருங்கிணைப்பாளர் சம்பளம் திட்டச் செலவு என்பதையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிர்வாகியின் வீட்டையே அலுவலகமாக வாடகைக்கு எடுத்திருந்தாலும், அவருடைய உறவினர் சம்பளம் வாங்கினாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நியாயமான தொகைக்கு மேல் கொடுத்தால் வரி விலக்குக்கே ஆபத்து.

எழுத்துப் பகுதி

ஐந்தாறு பக்கம் போதும். மேலே சொன்ன உதாரணத்துக்குத் தமிழ்நாட்டில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் ஆகிய திட்டங்களிலிருந்து உங்கள் மையம் எப்படி வேறுபடுகிறது? ‘நாங்கள் அக்கறையோடு செய்கிறோம்’ என்பது பதிலாகாது. நீங்கள் சேர்க்கப்போகும் குழந்தைகள் யார், அவர்களுக்கு இப்போது எது எட்டவில்லை என்பதை ஊர் வாரியாக எழுதுங்கள்.

இலக்கை அளவிடும்படி வையுங்கள். ‘220 வகுப்புகள் நடந்தன’ என்பது உங்கள் உழைப்பைக் காட்டும். ‘தொடக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியாதவர்களில் இத்தனை பேர் இப்போது வாசிக்கிறார்கள்’ என்பதுதான் மாற்றத்தைக் காட்டும். அதற்கு முதல் வாரத்திலேயே தேர்வு வைத்து, அதே கருவியால் ஆண்டு முடிவிலும் அளக்க வேண்டும். முதல் தேர்வைத் தவறவிட்டால் பிறகு அதைச் சரிக்கட்ட வழியே இல்லை. எல்லாரும் வாசிப்பார்கள் என்று நூறு விழுக்காடு வாக்குக் கொடுக்காதீர்கள். அனுபவமுள்ள அலுவலர் அதை நம்ப மாட்டார்.

கையெழுத்திடும் முன்

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: தவணைகள் எப்போது, எதன் அடிப்படையில் வரும், ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை விழுக்காடு வரை அனுமதியின்றி மாற்றலாம், மீதப் பணத்தை என்ன செய்வது, வாங்கும் பொருள் யாருக்குச் சொந்தம், குழந்தைகளின் படத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல். கடைசித் தவணை அறிக்கைக்குப் பிறகுதான் என்றால், அந்த இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்கு உங்களிடம் பணம் இருக்கிறதா என்று முதலில் கணக்குப் பாருங்கள். சிறு அமைப்புகளின் மூச்சுத் திணறுவது இங்கேதான். நன்கொடையாளர் பெயரைப் பலகையில் நன்றியாக எழுதுவதற்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2019 அக்டோபர் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. அதுவே அவர்களுடைய பொருளுக்கு விளம்பரமாக மாறினால் வரி வரும்.

பணம் வந்த பிறகு

திட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு, முடியாவிட்டால் கணக்குப் புத்தகத்தில் தனிப் பேரேடு. ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது வரிக் கணக்கில் அறப்பணிச் செலவாக ஏற்கப்படாது. ஆகவே மதிப்பூதியம் உட்பட எல்லாவற்றையும் வங்கி வழியாகவே கொடுங்கள். 80ஜி நன்கொடைகளின் விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31க்குள் தாக்கல் செய்தால்தான் நன்கொடையாளருக்கு வரிச் சலுகைக்கான 10பிஇ சான்று கொடுக்க முடியும். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ.200. புதிய சட்டத்தில் இந்தப் படிவங்களின் இப்போதைய எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசி வாரத்தில் பெரிய தொகை வந்து விழுந்தால் இன்னொரு சிக்கல். ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டிலேயே செலவிட்டிருக்க வேண்டும் என்பது விதி. செலவிடாத தொகையை இன்ன பணிக்கு என்று ஒதுக்கி ஐந்து ஆண்டு வரை வைத்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் அதற்கான படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பணம் வந்த அன்றே ஆடிட்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆண்டு முடிவில், பணம் எப்படிச் செலவானது என்று ஆடிட்டர் தரும் பயன்பாட்டுச் சான்றிதழில் 18 இலக்க யுடிஐஎன் எண் (ஆடிட்டர் ஒவ்வொரு சான்றுக்கும் பெறும் தனி எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். சான்றிதழின் தலைப்புகள் ஒப்பந்த பட்ஜெட்டின் தலைப்புகளோடு வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். ஏதாவது ஒரு வரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால், கேட்பதற்கு முன்பே காரணத்தை இரண்டு வரியில் எழுதி இணைத்துவிடுங்கள்.