நகரக் கட்டடங்களின் ஆற்றல் கணக்கு: மொத்தம் சரியாக வந்தாலும் ஏமாறாதீர்கள்

நகரத்தில் உள்ள கட்டடங்கள் எவ்வளவு மின்சாரமும் எரிவாயுவும் இழுக்கின்றன என்று கணக்குப் போடும்போது யாரும் ஒவ்வொரு கட்டடமாகப் போய் அளப்பதில்லை. வயது, பயன்பாடு, அளவு பார்த்து வகை பிரித்து, வகைக்கு ஒரு மாதிரிக் கட்டடத்தைக் கணினியில் ஓட்டிப் பெருக்கிவிடுவார்கள். அதில் தப்பில்லை. வந்த மொத்தம் நகரத்தின் மொத்த விற்பனையோடு பொருந்தியதும் "மாடல் சரி" என்று முடிவு கட்டுகிறார்களே, அதுதான் தப்பு.

ஒரே அளவில் இரண்டு கட்டடங்கள் என்று வையுங்கள். ஒன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 யூனிட் என்கிறது மாடல், மீட்டரில் ஓடியதோ 120. மற்றதற்கு மாடலில் 80, மீட்டரில் 160. கூட்டினால் இரண்டு பக்கமும் 280! ஆனால் ஆற்றலை மிச்சம் பிடிக்கும்படி கட்டடத்தைச் சீரமைக்கத் தரும் மானியம் முதல் கட்டடத்துக்குப் போய்விடும், உண்மையில் அதிகம் இழுப்பது யார் கண்ணிலும் படாது. அதனால் கொஞ்சம் கட்டடங்களையாவது எடுத்து மாத பில்லோடு ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் தரவை வைத்து 2012இல் வந்த ஆய்வில், வீட்டைச் சூடாக்க உண்மையில் செலவான ஆற்றல் கணக்கிட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவு. சூடு நிற்காத வீட்டில் இருப்பவர்கள் எல்லா அறைகளையும் சூடாக்குவதில்லை, சிக்கனமாக இருந்துகொள்கிறார்கள். அந்த வீட்டைச் சீரமைத்து இவ்வளவு கார்பன் உமிழ்வு குறையும் என்று திட்டத்தில் எழுதினால் அவ்வளவு குறையாது, செலவே ஆகாததை எப்படி மிச்சம் பிடிப்பது?

அப்புறம் பரப்பளவு. பாதி காலியாகக் கிடக்கும் அலுவலகம் சதுர மீட்டர் கணக்கில் சிக்கனமானதாகத் தெரியும், ஆள் நிறைந்த கட்டடம் கெட்ட பெயர் வாங்கும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதையும் கேளுங்கள். வாகன நிறுத்தத்தைப் பரப்பில் சேர்த்தார்களா என்றும் பாருங்கள்.

எரிவாயு யூனிட்டையும் மின்சார யூனிட்டையும் சும்மா கூட்டிவிடாதீர்கள். எரிவாயுவின் உமிழ்வு ஏறக்குறைய மாறாதது, மின்சாரத்தின் உமிழ்வு எந்த நேரத்தில் எதிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. மின் உற்பத்தி போகப் போகச் சுத்தமாகலாம் என்பதை விட்டுவிட்டு இன்றைய உமிழ்வு எண்ணை 2050 வரை நீட்டினால், எரிவாயு அடுப்பை விட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துச் சூடாக்கும் வெப்ப பம்புக்கு மாறுவது வீண் என்றுகூட விடை வந்துவிடலாம்.

முதலில் அளவு, பிறகுதான் வரம்பு என்பதற்கு ஓர் உதாரணம்: நியூயார்க் நகரம் பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் பயன்பாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டது. உமிழ்வுக்கு வரம்பு வைத்த சட்டம் 2019இல்தான் வந்தது, அந்த வரம்பு அமலானது 2024இல்.