சமாதானப் பாட்டில் ட்ரம்பெட்டுக்கு என்ன வேலை?

முதல்முறையாக ஒரு ராக் பாட்டு போடுகிறீர்கள், விஷயம் சமாதானம், கூடவே ட்ரம்பெட், ட்ரோம்போன் எல்லாம் வேண்டும் என்று ஆசை. சரி, ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: துப்பாக்கிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்பதற்காகவே இந்தப் பித்தளைக் கருவிகளைப் படைகள் பல நூறு வருஷம் கூடவே வைத்திருந்தன. 'எழு', 'முன்னேறு' என்று சொல்லிப் பழகிய வாயை 'போதும்' என்று சொல்ல வைப்பதுதான் நம் வேலை.

முதலில் மெட்டு. படையில் ஊதும் பியூகிள் என்ற கொம்பில் சுரம் மாற்றும் வால்வு கிடையாது, உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதுவதால் அதன் அழைப்புகள் பெரும்பாலும் ஸ, க, ப என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றும். நீங்களும் அந்த மூன்றை மட்டும் வைத்து நான்கு தாள அடிக்குள் ஒரு அழைப்பு போடுங்கள், அதுவே ஒவ்வொரு பல்லவிக்கும் முன்னால் வரட்டும். கடைசிப் பல்லவியில் மட்டும் அதே அழைப்பில் ம, த இரண்டையும் நுழையுங்கள். ஏன் என்று கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் ஏதோ இளகும்.

அடுத்து சுருதி, இங்கேதான் நான் முதல் தடவை சொதப்பினேன். கிட்டாருக்குச் சுகமான ஈ மேஜரில் எழுதிக் கொடுத்தேன். ட்ரம்பெட் பி ஃபிளாட் கருவி, எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிக்கும், ஆகவே ஒரு முழு சுரம் மேலே எழுத வேண்டும், அதனால் ஊதுகிறவர் கையில் ஆறு ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி) இருக்கும் காகிதம்! வழி சுலபம். கிட்டாரில் முதல் கட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு அதே ஈ மேஜர் விரல் வடிவங்களை வாசித்தால் ஒலிப்பது எஃப், ட்ரம்பெட்டுக்கு ஜி, ஒரே ஒரு ஷார்ப். ட்ரோம்போனுக்கு ஒலிப்பதையே எழுதலாம், மாற்றமே வேண்டாம்.

வேகம் நிமிஷத்துக்கு 120 தாள அடி பக்கம் போனால் அணிவகுப்பு வாடை அடிக்கும், 90 அருகே நிறுத்துங்கள். ஸ்னேர் ட்ரம்மில் படை முரசு போன்ற உருட்டல் வேண்டாம்.

வரிகளில் 'அமைதி' என்ற சொல்லையே எழுதாமல் ஒரு சரணம் முடித்துப் பாருங்கள். திரும்பி வந்தவரின் செருப்பு வாசலில் கிடக்கிறது என்றால் போதும்.

அப்புறம் ஊதுகிறவர்களின் உதடு களைக்கும், சரணம் முழுக்க ஓய்வு கொடுங்கள். அவர்கள் உள்ளே வரும்போது கிட்டாரின் டிஸ்டார்ஷனை, அதாவது அந்தக் கரகரப்பை, குறையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில் மோதிக் குழம்பும். கடைசி சுரத்தைக் கணினியில் மங்க வைக்காதீர்கள், ஊதுகிறவரின் மூச்சு தீரும் வரை பதிவு ஓடட்டும்.