ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் ட்ரூநாஸ்: டிஸ்க் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டில் ஒரே பெட்டியில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் ஒரு விஎம்மாக, அதாவது மெய்நிகர் கணினியாக, ட்ரூநாஸை (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமித்துத் தரும் நாஸுக்கான மென்பொருள்) ஓட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவுவது எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. பென்டிரைவிலிருந்து பூட் செய்து நாலு தடவை ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் அது முடிந்துவிடும். டிஸ்க் விவகாரம் அப்படி இல்லை. பூல் (பல டிஸ்குகளைச் சேர்த்து உருவாக்கும் ஒரே சேமிப்பிடம்) அமைத்துத் தரவை ஏற்றிய பிறகு அமைப்பைப் பிடிக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் வேறெங்காவது நகலெடுத்துவிட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனவே முதல் பாதி வேலை காகிதத்தில்.

1. எந்த டிஸ்க் யாருக்கு?

காகிதத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘ஹோஸ்ட்’ (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் நிஜக் கணினி), மறுபக்கம் ‘நாஸ்’ (ட்ரூநாஸ் விஎம்) என்று எழுதுங்கள். ஒவ்வொரு டிஸ்கும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.

ஹோஸ்ட் பக்கம் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. 500 ஜிபி தாராளம். ப்ராக்ஸ்மாக்ஸ், மற்ற விஎம்கள், ட்ரூநாஸ் பூட் ஆவதற்கான 32 ஜிபி மெய்நிகர் டிஸ்க் எல்லாம் அதில். நாஸ் பக்கம் பெரிய டிஸ்குகள் அனைத்தும், அவை தொங்கும் கன்ட்ரோலரும் (டிஸ்குகளைக் கணினியோடு இணைக்கும் சிப் அல்லது கார்டு). கன்ட்ரோலரையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் நாலாவது படியில் வரும்.

பெரிய டிஸ்குகளில் ஹோஸ்டிலேயே இசட்எஃப்எஸ் (டிஸ்குகளைப் பூலாக்கித் தரவைக் காக்கும் கோப்பு முறைமை) பூல் அமைத்து, அதிலிருந்து வெட்டிய மெய்நிகர் டிஸ்குகளை ட்ரூநாஸுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். ட்ரூநாஸ் அதன்மேல் இன்னொரு இசட்எஃப்எஸ் போடும். ஒரு சின்ன எழுத்து இரண்டு அடுக்கிலும் பெருகும், வேகம் படுத்துவிடும்.

2. எவ்வளவு இடம், எத்தனை டிஸ்க்?

ஓர் எடுத்துக்காட்டு: படங்களும் வீடியோக்களும் 2 டிபி, லேப்டாப் பேக்கப் 1 டிபி, சினிமா 1.5 டிபி. மொத்தம் 4.5. இசட்எஃப்எஸ் பூலை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் வைத்திருப்பது நல்லது என்பதால் 5.6 ஆகிறது. அட்டையில் 8 டிபி என்று போட்டிருக்கும் டிஸ்க் கணினியில் ஏறக்குறைய 7.28 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1024-ஆல் பெருக்குகிறது, அவ்வளவுதான்.

இந்த அளவுக்கு இரண்டு வழி உண்டு. 8 டிபி டிஸ்க் இரண்டை மிரராக (இரண்டிலும் ஒரே தரவு) போடலாம், அல்லது 4 டிபி மூன்றை ரெய்ட்-இசட்1 ஆக (ஒரு டிஸ்க் அளவு மீட்புத் தகவலைப் பரப்பி வைப்பது, ஒன்று போனாலும் தாங்கும்) போடலாம். கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றே. நான் மிரர் கட்சி. ஒரு டிஸ்க் போனால் அதன் ஜோடியை மட்டும் படித்து மீட்டால் போதும். பின்னால் இடம் போதாவிட்டால் இரண்டை மாற்றினாலே பூல் பெரிதாகிவிடும். பெட்டியில் சூடும் மின்செலவும் ஒரு டிஸ்க் அளவு குறைவு.

நாலு டிஸ்க் என்றால் வாதம் மாறும். இரண்டு மிரர் ஜோடியும் ரெய்ட்-இசட்2-வும் ஒரே இடத்தைத் தரும். ஆனால் மிரரில் ஒரே ஜோடியின் இரண்டும் போனால் பூலே போய்விடும். ரெய்ட்-இசட்2-வில் எந்த இரண்டு போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆறு டிஸ்குக்கு யோசிக்கவே வேண்டாம், ரெய்ட்-இசட்2.

3. டிஸ்க் தேர்வு

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், சிஎம்ஆரில் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் ஓர் இடத்தில் எழுத, பக்கத்திலிருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா படம் பார்க்கும்போது தெரியாது. பழுதான டிஸ்கை மாற்றி பூலை மீட்கும்போது, மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுத வேண்டிய அந்த நேரத்தில், திணறிவிடும். 2020-ல் டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று தனியாகப் பிரித்தார்கள். ‘நாஸ்’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பாருங்கள். சீகேட்டில் ஐயன்வுல்ஃப் வரிசை முழுக்க சிஎம்ஆர். நான் வாங்குவது அதுதான்.

டிஸ்க் வந்ததும் பேட்பிளாக்ஸ் (டிஸ்கின் பழுதான இடங்களைத் தேடும் லினக்ஸ் கருவி) ஓட்டிச் சோதியுங்கள். எழுதும் சோதனை டிஸ்கில் உள்ளதை அழித்துவிடும், எனவே காலி டிஸ்கில் மட்டும். இயல்பான பிளாக் அளவில் 8 டிபி டிஸ்கை அது ஏற்காது, 4096 என்று கொடுங்கள். முடிய நாலைந்து நாள்கூட ஆகலாம். பொறுமையாக இருங்கள்.

4. டிஸ்கை விஎம்மிடம் ஒப்படைப்பது

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதுதான்.

எளிய வழி, ஒவ்வொரு டிஸ்கையும் அதன் அடையாளப் பெயரை வைத்து விஎம்முக்குக் கொடுப்பது. வேலை செய்யும். ஆனால் டிஸ்கின் ஸ்மார்ட் விவரங்கள் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) ட்ரூநாஸுக்குத் தெரியாது. டிஸ்க் நோஞ்சானாகிக்கொண்டிருந்தாலும் அது எச்சரிக்காது. சீரியல் எண்ணும் உள்ளே போகாது என்பதால் பூல் அமைக்கும்போது முரண்டு பிடிக்கும். விஎம்மின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு டிஸ்க் வரியின் முடிவிலும் சீரியல் எண்ணைக் கையால் சேர்க்க வேண்டும்.

சரியான வழி, கன்ட்ரோலரையே முழுதாகக் கொடுப்பது. அதற்கு பயாஸில் ஐஓஎம்எம்யூ (வன்பொருளை விஎம்மே நேரடியாகக் கையாள வழிசெய்யும் வசதி) இயங்க வேண்டும். இன்டெல்லில் இதன் பெயர் விடி-டி. விடி-எக்ஸ் என்பது வேறு, விஎம்களை ஓட்டுவதற்கான வசதி. விஎம் ஓடுகிறது என்றால் விடி-எக்ஸ் இயங்குகிறது என்று மட்டும்தான் பொருள். ‘அதான் இயங்குகிறதே’ என்று விட்டுவிடாதீர்கள். இரண்டும் பயாஸில் வேறுவேறு பக்கங்களில்கூட ஒளிந்திருக்கும்.

அடுத்து, கன்ட்ரோலர் எந்த ஐஓஎம்எம்யூ குழுவில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு குழுவில் இருப்பதெல்லாம் சேர்ந்தேதான் போகும். மதர்போர்டின் சாட்டா (டிஸ்க் கேபிள் செருகும் இணைப்பு) கன்ட்ரோலர் சில போர்டுகளில் யுஎஸ்பி, நெட்வொர்க் ஆகியவற்றுடன் ஒரே குழுவில் இருக்கும். அதைக் கொடுத்து விஎம்மைத் தொடங்கிய அடுத்த நொடி ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் உலாவியில் உறைந்துவிடும். மானிட்டரைச் செருகி கீபோர்டைத் தட்டினால் அதுவும் செத்திருக்கும். விஎம்மில் ‘பூட்டின்போது தொடங்கு’ என்று வேறு போட்டிருந்தால், ரீபூட் செய்தாலும் அதே கதை. எனவே எல்லாம் சரியாக ஓடும்வரை அந்தத் தெரிவை அணைத்தே வையுங்கள். குழுக்களை வலுக்கட்டாயமாகப் பிரிக்கும் ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற குறுக்குவழி உண்டு. பிரியாததைப் பிரிந்ததாகக் காட்டும் வேலை அது. தரவு இருக்கும் இடத்தில் நான் பயன்படுத்த மாட்டேன்.

குழு சரியில்லை என்றால் தனி எச்பிஏ கார்டு (டிஸ்குகளை இணைக்கும் தனி கன்ட்ரோலர்) வாங்கிவிடுங்கள். எல்எஸ்ஐ 9211-8ஐ அல்லது 9207-8ஐ, ஐடி மோடில் (தானாக ரெய்ட் போடாமல் டிஸ்குகளை அப்படியே காட்டும் முறை) இருப்பது. சர்வர் காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டுகள் இவை. வீட்டுப் பெட்டியில், அதுவும் மே மாத வெயிலில், ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியாது. ஒரு 40 மிமீ விசிறியைக் கட்டிவிடுங்கள்.

ஒப்படைத்த பிறகு ஹோஸ்ட் அந்தப் பூலைத் தொடவே கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இம்போர்ட் செய்தால், அதாவது பூலைத் திறந்தால், பூல் சிதைந்துவிடும். கார்டின் டிரைவரை ஹோஸ்டில் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால் நிம்மதி.

5. மீதி

கன்ட்ரோலரைக் கொடுத்த விஎம்முக்கான ரேம் மொத்தமும் பூட்டப்பட்டுவிடும், பலூனிங் (தேவைக்கேற்ப விஎம்மின் ரேமைக் கூட்டிக் குறைப்பது) உதவாது. 32 ஜிபியில் 16 ஜிபியை ட்ரூநாஸுக்கு என்று எழுதி மறந்துவிடுங்கள். எஸ்லாக் (எழுத்துகளுக்கான பதிவிடம்), எல்2ஆர்க் (படிப்பதற்கான கேஷ்) என்று தனி எஸ்எஸ்டி தேடி அலைய வேண்டாம், வீட்டுப் பயன்பாட்டில் அந்தக் காசை ரேமில் போடுவது மேல். சினிமாவுக்கான டேட்டாசெட்டில் (பூலுக்குள் தனி அமைப்புகள் கொண்ட பகுதி) ரெக்கார்டு அளவை (ஒரே துண்டாக எழுதும் அதிகபட்ச அளவு) 1 எம்பி ஆக்குங்கள், மற்றதெல்லாம் இயல்பாக இருப்பதே போதும்.

யுபிஎஸ் தனியாக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் மின்சாரம் தரும், ஆனால் பெரும்பாலானவற்றில் ‘பேட்டரி தீரப்போகிறது’ என்று கணினிக்குச் சொல்லும் போர்ட் கிடையாது. யுஎஸ்பி உள்ள யுபிஎஸ்ஸை ஹோஸ்டில் இணைத்து நட் (யுபிஎஸ் சொல்வதைக் கேட்டுக் கணினியை அணைக்கும் மென்பொருள்) நிறுவுங்கள். ஹோஸ்ட் அணையும்போது விஎம்களையும் ஒழுங்காக அணைத்துவிடும்.

பின்சேர்க்கை

‘புது என்விஎம்இ செருகியதும் ப்ராக்ஸ்மாக்ஸ் நெட்வொர்க்கே இல்லை’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். புதிதாக ஒன்றைச் செருகினால் பிசிஐ முகவரிகள் நகர்ந்து, நெட்வொர்க் போர்ட்டின் பெயரில் உள்ள எண்ணும் மாறலாம். மானிட்டரை இணைத்து நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் புதுப் பெயரைப் போடுங்கள். அதோடு விஎம்முக்குக் கொடுத்த கன்ட்ரோலரின் முகவரியையும் சரிபாருங்கள், பழைய முகவரியில் இப்போது வேறு ஏதாவது உட்கார்ந்திருக்கலாம். சில போர்டுகளில், என்விஎம்இ செருகும் இரண்டாவது எம்.2 துளையைப் பயன்படுத்தினால் இரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும் என்பதும் மேனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ரெய்ட்-இசட்டில் ஒரு டிஸ்க் மட்டும் சேர்க்க முடியாதா என்றால், ட்ரூநாஸ் பயன்படுத்தும் ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸின் 2.3 பதிப்பிலிருந்து (ஜனவரி 2025) முடியும். ஆனால் பழைய தரவு, தரவுக்கும் மீட்புத் தகவலுக்கும் இருந்த பழைய விகிதத்திலேயே கிடக்கும், திரும்ப எழுதினால்தான் முழு இடமும் கிடைக்கும். நான் இன்னும் மிரர் கட்சிதான்.