“பாப்பாவுக்குக் கொஞ்சம் கலர் போட்டு விடுங்க”: குழந்தைகளின் தலையில் சாயம் பூசுவதில் நடக்கும் தவறுகள்

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே என் பார்லரில் ஆரம்பித்துவிடும். “அக்கா, லீவுதானே, பாப்பாவுக்குக் கொஞ்சம் கலர் போட்டு விடுங்க. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள போயிடும்ல?” பாப்பாவுக்கு ஏழு வயது இருக்கும். நாற்காலிக் கைகளின் மேல் குறுக்கே ஒரு பலகை போட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரியும். பலகை போட்டு உட்காருகிற யாருக்கும் நான் கலர் பூசுவதில்லை. சொல்லப்போனால் பதினாறு வயது முடியும் வரை பூசுவதில்லை.

“பெத்தவங்க சம்மதிச்சா உங்களுக்கு என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அறையில் இருக்கும் மூன்று பேரில் கிண்ணத்துக்குள் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா நம்பி வருகிறார், குழந்தை ஆசைப்பட்டு வருகிறது. ஆகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆளும் நான்தான்.

‘முடிதானே, வளர்ந்துவிடும்’

முடியைப் பொறுத்தவரை அது சரி. மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும், கெட்டுப்போனதை வெட்டிவிடலாம். சிக்கல் இருப்பது தோலில். கறுப்பு, பிரவுன், பர்கண்டி போன்ற அடர்நிற நிரந்தர டைகள் பெரும்பாலும் பாரா ஃபினைலின்டையமின் என்ற பொருளை நம்பித்தான் இருக்கின்றன. பார்லர் பேச்சில் பிபிடி. முதல் தடவை பூசும்போது பலருக்கு ஒன்றுமே ஆகாது. ஆனால் சிலருடைய உடம்பு அதை ஆகாத பொருளாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறையோ ஐந்தாவது முறையோ பூசும்போது காட்டிவிடும்.

நான் தொழில் பழகிய காலத்தில், வேறொருவர் பார்லரில், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் நடனம். முன்பக்கம் நாலு கீற்று பர்கண்டி வேண்டும் என்றார்கள். பார்லர் அக்கா கலக்கிக் கொடுத்தார், பூசியது நான். அன்று ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டே போனாள். மூன்றாம் நாள் காலையில் அவள் அம்மா திரும்பக் கூட்டி வந்தார். நெற்றியில் முடி தொடங்கும் கோடு முழுக்கச் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. காது மடல் தடித்திருந்தது. இரண்டு இமையும் வீங்கி, கண் இருக்கும் இடத்தில் ஒரு கீறல்தான் தெரிந்தது. ஆண்டு விழாவுக்கு அவள் போகவில்லை. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு முன்னாடி கறுப்பு மெஹந்தி வெச்சிருக்காளா?” வைத்திருந்தாள். போன வருஷம் சித்தி கல்யாணத்தில், இரண்டு கையிலும்.

நல்ல மருதாணி கறுப்பாகாது. இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் ஆரஞ்சில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை போகும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற ‘கறுப்பு மெஹந்தி’ என்றால் அதில் தலைக்கு அடிக்கும் டை சேர்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கல்யாணத்தில் அவள் தோல் கற்றுக்கொண்டதை ஆண்டு விழாவுக்கு நான் ஞாபகப்படுத்திவிட்டேன்.

இந்த அலர்ஜி ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். நாற்பது வயதில் நரையை மறைக்க அவள் நினைத்தாலும் கடையில் விற்கும் பெரும்பாலான டைகளைத் தொட முடியாது. சிலருக்கு இதன் உறவுக்காரப் பொருள்களும் ஒத்துக்கொள்ளாமல் போகும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மரத்துப்போக வைக்கிற ஜெல்களில் உள்ள பென்சோகெய்ன் அப்படி ஒன்று, அடர்நிறத் துணிகளில் உள்ள சில சாயங்களும் அப்படித்தான். ஏழு வயதில் இரண்டு வார ஆசைக்காக இதை விலையாகக் கொடுக்கிறோம் என்று எந்த அம்மாவுக்கும் யாரும் சொல்வதில்லை.

ஐரோப்பிய யூனியன் 2011இலிருந்து இத்தகைய டைப் பெட்டிகளில் ஒரு வாசகத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது: பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது உரியதல்ல. கறுப்பு மெஹந்தி அலர்ஜி அபாயத்தைக் கூட்டும் என்பதும் அதே எச்சரிக்கையில் வருகிறது. நம் ஊரில் விற்கும் பல பெட்டிகளிலும் பதினாறு வயது வாசகம் இருக்கிறது, எறும்பு எழுத்தில். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் எடுத்து வருவதால் வாடிக்கையாளர் கண்ணில் அது படுவதே இல்லை. பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

‘அம்மோனியா இல்லை, ஹெர்பல்தான்’

அம்மோனியா மூக்கை எரிக்கும், அதனால் அதை எடுத்துவிட்டு மோனோ எத்தனால் அமைன் போன்ற வாசனை குறைந்த ஒன்றைப் போடுகிறார்கள். முடியின் நிறத்தை வெளுக்கும் பெராக்சைடு அப்படியே இருக்கும், பிபிடியோ அதன் தம்பி தங்கைகளோ அப்படியே இருக்கும். நாற்றம் போனதைப் பார்த்து ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ‘ஹெர்பல் பிளாக் ஹென்னா’ பொடியும் இதே கதைதான். அட்டையில் நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, செம்பருத்திப் படம் எல்லாம் இருக்கும். கறுப்பைத் தருவது அதில் எதுவும் இல்லை. பின்பக்கம் பொருள்களின் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும்.

‘டெம்பரரி கலர்தான்’

வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு குழந்தை தலையில் பிங்க் பூசிக் கழுவினால் பிங்க் ஆகிவிடுகிறது. அந்தக் குழந்தையின் முடி ஏற்கெனவே பொன்னிறம். நம் பிள்ளைகளின் கறுப்பு முடியில் அதே பிங்க்கைப் பூசினால் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பளிச்சென்று தெரிய வேண்டுமானால் முதலில் கறுப்பைக் கழற்ற வேண்டும், அதாவது ப்ளீச். மேலே பூசும் நிறம் வேண்டுமானால் பத்துக் குளியலில் போகும். அடியில் ப்ளீச் செய்த முடி செம்பட்டையாக அப்படியே நிற்கும், வெட்டும் வரை. ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது பிரச்சினை ஆவது இந்தச் செம்பட்டைதான். அப்புறம் அதை மறைக்கக் கறுப்பு டை அடிப்பார்கள். தவிர்க்க நினைத்த பிபிடி பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

ப்ளீச் என்பது பெர்சல்ஃபேட் தூளும் பெராக்சைடும். எங்கள் பாஷையில் 20 வால்யூம் என்றால் 6 சதவீத பெராக்சைடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. கறுப்பு முடி சீக்கிரம் வெளுக்க வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் மேலே மேலே போவார்கள், அலுமினியத் தாளைச் சுற்றி டிரையர் சூடும் காட்டுவார்கள். தாள் உச்சந்தலையைத் தொட்டால் தோல் வெந்துவிடும். பெரியவர்கள் “எரியுது” என்று கத்துவார்கள். குழந்தை கத்தாது. கலர் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், கண்ணில் தண்ணீர் நிற்க, “எரியல ஆன்ட்டி” என்று சொல்லும். இதை நானே பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டும், சொறியும், சொறிந்த விரலைக் கண்ணில் வைக்கும். புருவத்திலும் இமைமுடியிலும் டை பூசக் கூடாது, பார்வை போகலாம் என்று நம் நாட்டுச் சட்டமே பெட்டியில் எழுதச் சொல்கிறது. ஏழு வயதுக் குழந்தையின் கையை நாற்பது நிமிஷம் கண்ணுக்குப் போகாமல் யார் பிடித்துக்கொண்டிருப்பது?

வீசிங் உள்ள பிள்ளை என்றால் ப்ளீச் கலக்கும் அறைக்குள்ளேயே விடாதீர்கள். அந்தத் தூள் பறந்து எங்கள் தொழிலில் பலருக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது.

‘பேட்ச் டெஸ்ட் பண்ணிட்டோம்’

தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து அரை மணி நேரம் பார்ப்பது டெஸ்ட் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளில் குறைந்தது ஒரு நாள் என்று இருக்கும், பலவற்றில் 48 மணி நேரம். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்றும் இருக்கும். பெரியவர்களுக்கு இது அவசியம். குழந்தைக்கு டெஸ்டில் ஒன்றும் வரவில்லை என்றால் அன்றைக்கு அலர்ஜி இல்லை என்றுதான் அர்த்தம். பூசுவதால் அலர்ஜி உண்டாகாது என்ற உத்தரவாதத்தை அது தராது.

இளநரையை மறைப்பது

இங்கேதான் எனக்கு மனசு சங்கடப்படும். ஃபேஷனுக்காக வருகிறவர்களை எளிதாகத் திருப்பி அனுப்பிவிடுவேன். பத்து வயதுப் பையனை வகுப்பில் ‘தாத்தா’ என்று கூப்பிடுகிறார்கள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிறான், உள்ளே இருபது முப்பது வெள்ளை முடி. அவன் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். ஆனாலும் டைக்கு முன்னால் டாக்டர். நம் நாட்டில் இருபத்தைந்து வயதுக்கு முன் நரைத்தால் இளநரை என்பார்கள். பாதிக் கதை பரம்பரை. மீதியில் பி12 குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு எல்லாம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பால், முட்டை, கறி எதையும் தொடாத பிள்ளை என்றால் பி12ஐக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். ஒரே இடத்தில் கொத்தாக வெளுத்திருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம், புழுவெட்டு ஆறி முளைக்கும் முடியாகவும் இருக்கலாம். அதன்மேல் டை அடித்துவிட்டு டாக்டரிடம் போனால் அவருக்குப் பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

விசேஷ நாளுக்கு மட்டும் வேண்டுமென்றால் மஸ்காரா மாதிரி முடியின் மேல் தடவிக் கழுவிவிடும் பொருள்கள் கிடைக்கின்றன. வீட்டில் அரைத்த மருதாணியும் அவுரியும் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு. ஜி6பிடி என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சுத்தமான மருதாணியே அந்த அணுக்களை உடைக்கலாம், அவர்களுக்கு அதுவும் ஆகாது.

பேன் சொறிந்து புண்ணான தலை, பொடுகு வெடித்த தலை, இப்போதுதான் மொட்டை போட்டுச் சந்தனம் காய்ந்த தலை, இதிலெல்லாம் எதுவும் பூசாதீர்கள். டை அடித்தால் பேன் சாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பேன் முட்டையான ஈர் அசையாது.

மிச்சம் வைத்த பாக்கெட்

அப்பா தலைக்கு அடித்துவிட்டு மிச்சத்தைக் குளியலறை ஜன்னலில் வைக்கிறார். விளையாட்டாகக் குழந்தை வாயில் வைத்தால் பிபிடி எவ்வளவு மோசம் என்பது நம் அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும். பிறகு தசை சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலிழக்கும். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

எங்கேயாவது பூசி எரிச்சல் வந்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பத்துப் பதினைந்து நிமிஷம், கண்ணைத் தனியாக. தேங்காய் எண்ணெய், பற்பசை எதுவும் மேலே வேண்டாம். கண் எரிச்சலோ முகம், இமை வீக்கமோ வந்தால் அன்றைக்கே டாக்டர். மூச்சுத் திணறினால் காத்திருக்கவே கூடாது.

எல்லாம் சொன்ன பிறகும் “நீங்க போடலைன்னா அடுத்த தெருவுல போட்டுக்கறோம்” என்பார்கள். போகிறவர்கள் போகிறார்கள். லீவு மாதத்தில் அது சின்னப் பணம் இல்லை, வலிக்கத்தான் செய்யும். இப்போது ஒரு டப்பாவில் கலர் கலராக கிளிப் முடி வாங்கி வைத்திருக்கிறேன். நீலம், பிங்க், ஊதா. முடிக்கு அடியில் செருகி, மேல்முடியை வாரிவிட்டால் நிஜமாகவே கலர் போட்ட மாதிரி இருக்கும். ஹேர் சாக், அதாவது முடியில் தேய்க்கும் கலர் சாக்பீஸ், இரண்டாம்பட்சம், தலையணை உறை முழுக்க வந்துவிடும்.

போன மாதம் ஒரு குட்டிப் பெண் நீலக் கிளிப் முடி போட்டுக்கொண்டு போனாள். ஸ்கூலுக்கும் அதோடுதான் போகிறாளாம். கேட் வாட்ச்மேன் மாமா கண்ணில் படுவதற்கு முன்னால் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுவிட்டு, சாயங்காலம் வேனில் ஏறியதும் திரும்பச் செருகிக்கொள்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார்.