காற்றைப் பார்த்து சைக்கிளை எடுங்கள்: யாழ்ப்பாணம், காரைநகர், ஊர்காவற்றுறை ஒரு நாள் சுற்று

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருகிற உறவுகள் பலர் தீவுப்பகுதியை வான் வண்டிக்குள் இருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நயினாதீவுப் படகைப் பிடிக்கிற அவசரத்தில் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போய்விடும். ஒரே ஒரு நாளை ஒதுக்கி இந்தச் சுற்றை சைக்கிளில் போய்ப் பாருங்கள். டவுனிலிருந்து வட்டுக்கோட்டை, பொன்னாலை, காரைநகர், அங்கிருந்து கடலைக் கடந்து ஊர்காவற்றுறை, வேலணை, பண்ணை வழியாகத் திரும்பவும் டவுன். கசூரினாக் கடற்கரையையும் சேர்த்தால் 50 முதல் 60 கிலோமீற்றர் வரும். வழியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உங்களைக் களைக்க வைப்பவை வெயிலும் காற்றும்தான்.

அதனால் முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆடி, ஆவணியில் வருகிறவர்களுக்கு சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்த நாட்களில் வட்டுக்கோட்டைப் பக்கமாகப் போய் வேலணைப் பக்கமாக வாருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு, உடம்பு களைத்திருக்கிற நேரத்தில், வெட்டவெளிப் பாதையில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். மார்கழி, தையில் வருகிறவர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது தீவுப்பக்கமாகப் போனால் அது பின்னால் நிற்கும். வரும்போது எதிர்த்தாலும், அராலி வரைக்கும் வீடுகளும் வேலிகளும் பனங்கூடல்களும் கொஞ்சம் மறைத்துக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். அப்போது இந்தப் பயணத்தை நான் சொல்லமாட்டேன்.

சைக்கிளுக்கு அலையத் தேவையில்லை. விருந்தினர் விடுதிகள் பலவற்றில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், மாமா வீட்டு விறாந்தையிலும் ஒன்று சாய்த்து வைத்திருப்பார்கள். எதுவானாலும் முதல் நாளே சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு பிறேக்கையும் பார்க்கச் சொல்லி, காற்றடித்து, சீற்றை உங்கள் உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் ரியூப் போனால் ஒட்டுப் போட ஊருக்கு ஊர் ஆள் உண்டு. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இங்கே இடப்பக்கம். சந்தியில் திரும்பும்போதுதான் பழக்கம் பிழைக்கும். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் வீம்பு பிடிக்காமல் கரைக்கு ஒதுங்குங்கள்.

விடிய ஆறு மணிக்கு முன்னம் வெளிக்கிடுங்கள். காக்கைதீவு தாண்டியதும் கல்லுண்டாய் வெளி வரும். நகரத்துக் குப்பையைக் கொட்டுகிற இடம் அங்கேதான், அதை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடலாம். பிறகு ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் வெளி. அராலியில் வழுக்கையாறு கடலோடு சேர்கிறது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது இது ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும்.

வட்டுக்கோட்டையில் இறங்கி நில்லுங்கள். போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய பழைய தேவாலயமும், அதை ஒட்டி யாழ்ப்பாணக் கல்லூரியும் இருக்கின்றன. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரி இங்கேதான் நடந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே படித்தவர்கள். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளை படித்த வளவு இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உள்ளே போக வேண்டுமென்றால் வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள், அது பிள்ளைகள் படிக்கிற இடம். ஊர்களுக்குள்ளால் போகும்போது சுமைதாங்கிக் கல், மாடுகள் உரஞ்சிக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக் கல், கேணி என்று பழைய தெருவோரத் தருமங்களையும் கவனித்துக்கொண்டு போகலாம். சைக்கிள் வேகத்தில்தான் இவை கண்ணில் படும்.

பொன்னாலைப் பாலம் இந்தச் சுற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு பக்கமும் முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர். அதில் வரிசையாகத் தடி நட்டு வலை கட்டியிருப்பது களங்கண்ணி. வலையோரமாக நீந்துகிற மீன் வழி தப்பி உள்ளறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். காலையில் வந்தால் தொழிலாளி தண்ணீருக்குள் நடந்துபோய் அத்தாங்கு என்கிற கைவலையால் அள்ளுவதையும், துள்ளுகிற மீனை இடுப்பில் கட்டிய பறிக்கூடைக்குள் போடுவதையும் பாலத்தில் நின்றே பார்க்கலாம். மாரி முடிந்த கையோடு வந்தால் இந்த நீரேரிகளில் பூநாரைகளும் நிற்கும். தூரத்திலேயே நின்று பாருங்கள்.

காரைநகரில் நல்ல தண்ணீர் அரிது. வலந்தலைச் சந்தியிலேயே போத்தல்களை நிரப்பி, தேத்தண்ணியும் குடித்துவிடுங்கள். ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லப்படுகிற சிவன் கோயிலுக்குப் போகிற ஆண்கள் ஒரு வேட்டியும், பெண்கள் ஒரு நீளப் பாவாடையோ சால்வையோ பையில் வைத்திருங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போவது இங்கே வழக்கம். கசூரினாவில் கடல் கனதூரம் ஆழமில்லாமல் இருக்கும், பிள்ளைகளுக்கு நல்லது. வெயில் ஏற முன்னம் குளித்துவிட்டுத் துறைக்கு வாருங்கள்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுகிறதை ஊரில் ‘பாதை’ என்பார்கள். மிதக்கிற மேடை, அதில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் உங்கள் சைக்கிளும் ஏறும். இது பழுதுபட்டு நிற்கிற நாட்களும் உண்டு. ஆகவே முதல் நாளே காரைநகர் ஆட்கள் யாரிடமாவது கேளுங்கள், வலந்தலையிலும் திரும்ப ஒருக்கால் கேளுங்கள். ஓடவில்லையென்றால் வந்த வழியே திரும்புவதுதான் புத்தி.

பாதையில் நிற்கும்போது கடலுக்கு நடுவே தெரிவது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இப்போது கடற்படையின் கையில் இருக்கிறது. கடற்படை முகாம்களை நோக்கிக் கமராவைத் தூக்காதீர்கள்.

ஊர்காவற்றுறையின் பழைய பெருமை நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. அந்நிய வணிகர்கள் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறையில்) வந்து தங்கட்டும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கலம் என்றால் சரிபாதி என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் சைக்கிளை இறக்குகிற துறைமுகத்துக்கு எண்ணூறு வருடத்துக்கு முன்னமே சட்டம் இருந்திருக்கிறது! வரும் வழியில் அல்லைப்பிட்டி மணலுக்குள்ளிருந்து 1977 அகழாய்வில் சீனாவின் சொங் காலத்துப் பாண்டங்கள் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் இந்தக் கரையின் அன்றைய சந்தடி புரியும்.

ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையில் கூரையில்லாத கல்வீடுகள் வரும். 1990இலிருந்து சனம் இடம்பெயர்ந்து போன வீடுகள். சில வீடுகளின் சுவருக்குள் ஆலம்வேர் இறங்கியிருக்கும், கிணற்றுக்கட்டு மட்டும் முழுசாக நிற்கும். படத்துக்காக உள்ளே ஏறாதீர்கள். அந்த வளவுக்குச் சொந்தக்காரர் உங்களைப் போலவே எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறார். பற்றைக்குள் இறங்குவதும் வேண்டாம், கண்ணிவெடிக்கான சிவப்பு எச்சரிக்கைப் பலகை எங்கே கண்டாலும் தெருவிலேயே நில்லுங்கள்.

வேலணையின் சாட்டிக் கடற்கரையில் கொஞ்சம் இளைப்பாறி, நாலு மணிக்கு மண்கும்பான் தாண்டிவிட்டால் பண்ணையில் வெயில் தாழ்கிற நேரத்துக்கு வந்து சேரலாம். இருட்ட விடாதீர்கள், தெருவில் மாடு படுத்திருக்கும். கால் தாங்கினால் மறுநாள் இதே பண்ணை வழியாகப் புங்குடுதீவு, குறிகாட்டுவான் போய், சைக்கிளைத் துறையில் பூட்டிவிட்டுப் படகேறி அந்தக் கல்வெட்டையே பார்த்து வரலாம். குறிகாட்டுவானில் கடைசிப் படகு எத்தனை மணிக்கென்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.