பெயர்ப் பலகைக்கு லோகோ அனுப்பும் முன்

கடைக்கு ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கக் கொடுக்கிறீர்களா? லோகோவை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். 10 அடிக்குப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

வடிவமைத்தவரிடம் வெக்டர் கோப்பை, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வரைந்த கோப்பை, கேட்டு வாங்குவதே நல்லது: சிடிஆர் (.cdr), ஏஐ (.ai), பிடிஎஃப் (.pdf), எந்த வகையானாலும் சரி. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மங்காது. ஆனால் ஜேபெக் படத்தைப் பிடிஎஃப்புக்குள் ஒட்டிக் கொடுத்தால் அது வெக்டர் ஆகிவிடாது. பலர் இப்படித்தான் கொடுக்கிறார்கள்!

தமிழ் எழுத்து இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அச்சகக் கணினியில் அதே எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறும், சில நேரம் வெறும் கட்டங்கள்தான் வரும். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+க்யூ அழுத்தினால் அது கோட்டு வடிவமாகிவிடும், எழுத்துரு தேவைப்படாது. அப்புறம் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்தில் பழைய கோரல்டிரா இருந்தால் புதிய கோப்பு திறக்காது, பழைய பதிப்பில் சேமித்துக் கொடுங்கள்.

நிறத்தை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றிப் பாருங்கள். திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் அச்சில் சற்று மங்கும். ஃப்ளெக்ஸைச் சட்டத்தில் (ஃபிரேமில்) மடித்து அடிப்பார்கள் என்பதால் ஓரத்தில் எழுத்து எதுவும் வேண்டாம். எவ்வளவு இடம் விடவேண்டும் என்று அச்சகத்தாரிடமே கேட்டுவிடுங்கள்.