பெயரை மறைத்து மிரட்டுகிறவர் மீது புகார் எழுதுவது எப்படி

மொட்டைக் கடுதாசியானாலும் போலி ஐடியானாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். 2024 ஜூலை 1 முதல் நடந்த மிரட்டலுக்கு ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு பொருந்தும். சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்து மிரட்டினால், 351(4)-ன்படி அதற்கு மேல் இன்னொரு 2 ஆண்டு வரை சேரும். பழைய ஐபிசி 507 தான் இது.

பலர் சறுக்குவது இங்கேதான். 351(4)-ஐ மட்டும் நம்பிப் போனால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையில் இறங்க முடியாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்ப வேண்டியதுதான். அதனால் நடந்ததை முழுதாக எழுதுங்கள். பணம் கேட்டு மிரட்டினாரா? பிரிவு 308. வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் தொடர்புகொண்டாரா? 78. வேறொருவர் பெயரில் ஆன்லைனில் ஏமாற்றினாரா? தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டம் 66டி. இவற்றில் ஒன்று இருந்தாலே போலீஸ் நேரடியாக எப்.ஐ.ஆர். போட்டு மொத்த வழக்கையும் விசாரிக்கலாம். இல்லாததைச் சேர்க்காதீர்கள், குறுக்கு விசாரணையில் அதுவே வழக்கைக் கவிழ்த்துவிடும்.

புகாரில் "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் போதாது. வெறும் வசவு மிரட்டல் ஆகாது. என்ன செய்வேன் என்றார், எதைச் செய்யச் சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.

பிளாக் செய்யும் முன் ஆதாரத்தை எடுத்துவிடுங்கள். காட்டப்படும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஆகவே கணக்கின் முழு இணைய முகவரியையும் நகலெடுங்கள். மின்னஞ்சல் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் உதவாது, ஹெடரோடு (எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற விவரம்) அசலைச் சேமியுங்கள். தபால் என்றால் உறையும் வேண்டும், முத்திரை அதில்தான் இருக்கும். மெசேஜ் வந்த போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். நீதிமன்றத்தில் நகலைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ன்படி சான்றிதழ் தேவை. அதில் கருவியின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) எல்லாம் கேட்பார்கள்.

தாமதம் கூடாது. கணக்கை மூடியவரின் பதிவு விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றுதான் 2021 ஐ.டி. விதிகள் சமூக வலைதள நிறுவனங்களுக்குச் சொல்கின்றன.

எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், எல்லைப் பிரச்சினை கிடையாது. இணையத்தில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடும்போது அந்த அட்டையும் வேண்டும்.